பாட்டு நின்ற இடம்

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. குடிக்காமல் வைத்திருப்பதைத் தப்பாக எடுக்க வேண்டாம். கோப்பையின் விளிம்பில் எனக்கு முன் குடித்த யாரோ ஒருவரின் உதட்டுத் தடம் இருக்கிறது. என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் திமிரினால் இல்லை. உங்கள் எழுத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் தாள் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். அந்தத் தாளில் என்னால் கையெழுத்து வைக்க முடியாது.

நான் உதயரூபன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். பூச்சிகளை இனம் பிரித்து, இதுவரை யாரும் விவரிக்காததை விவரித்து, அதற்குப் பெயர் வைப்பது என் துறை. பூச்சிக்காரன் இப்படி அருவருப்புப்படலாமா என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு விளங்காது. செத்துக் காய்ந்து ஊசியில் ஏறிய பூச்சியைப்போலச் சுத்தமான பொருள் உலகத்தில் இல்லை. உயிரோடு இருக்கும்போதுதான் எல்லாம் கசிகிறது, ஒழுகுகிறது, நாறுகிறது. மனிதர்களும் அப்படித்தான், அவர்களை மட்டும் யாரும் ஊசியில் ஏற்றுவதில்லை.

புதர் வெட்டுக்கிளியை நீங்கள் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள். மாரி காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டியிருக்கும் பச்சைப் பிராணி. மீசை உடம்பைவிட நீளம். ஆண், முன்சிறகு இரண்டையும் உரசிப் பாடும். இனத்துக்கு ஒரு பாட்டு. பாட்டைக் கேட்டு வரும் பெண்ணுக்கு ஆண் தன் உடம்பிலிருந்து கூழ் போன்ற ஓர் உருண்டையைப் பிதுக்கிக் கொடுக்கும். பெண் உடம்பை வளைத்து அதைத் தின்னும். இதைப் படமாகக் காட்டினால் மாணவர்கள் வாயைப் பிளந்து ரசிப்பார்கள். எனக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

சுதாகரன் என்னோடு படித்தவன். நான் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டேன். அவன் வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியனாகப் போனான். இந்தப் புதிய இனத்தை முதலில் கண்டவன் அவன்தான். இதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை, ஐயா. அச்சிலும் எழுதியிருக்கிறேன்.

அதை அவன் கொண்டுவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். காலியான ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் கொண்டுவந்தான். வீட்டுப் பிரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தானாம். புதர் வெட்டுக்கிளியின் வயிறு கொழுத்தது. பிடித்த அன்றே கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து அழுகிவிடும். இவன் அதைச் செய்யவில்லை. என் மேசையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பழுப்பு நீர் மூலையில் தேங்கியிருந்தது. அதற்குள் விரலை விட்டு எடுத்து நீட்டினான்.

"இந்தா மச்சான், உனக்கொரு சாமான் கொண்டாந்திருக்கன். சிறகப் பாரு" என்றான்.

மச்சான் என்று கூப்பிட வேண்டாமென்று பலமுறை சொல்லியிருந்தேன். அவன் காதில் அது ஏறவே இல்லை. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பாடுவதற்கான பல்வரிசை சிறகின் அடியில் இருக்கும். பாதி கரைந்துபோயிருந்தாலும் அப்படி ஒரு பல்வரிசையை நான் பார்த்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. மறுபடியும் குனிந்து பார்த்தேன். அவனோ அதே விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பையிலிருந்து பிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி தான் தின்று, மறுபிடியை எனக்கு நீட்டினான். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன். அவனுக்கு அது பகிடியாக இருந்தது.

இப்போது எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓர் இனத்துக்கு வைத்த பெயருக்குப் பின்னால் அதை விவரித்தவனின் பெயர் நிற்கும். எங்கே யார் அந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும் அவனுடைய பெயரையும் சேர்த்து எழுதுவார்கள், உலகம் உள்ளவரை. எனக்குத் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ பேருடைய இனங்களைத் திருத்தியிருக்கிறேன், சேர்த்திருக்கிறேன், பிரித்திருக்கிறேன். என் பெயர் நிற்கும் இனம் ஒன்றுகூட இல்லை. ஊரெல்லாம் கலியாணம் செய்துவைத்த தரகன் பிரம்மச்சாரியாகச் சாவதுபோல.

சுதாகரன் இரண்டு விஷயம் கேட்டான். விவரித்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயரும் வர வேண்டும், கண்டவன் என்பதால் அவன் பெயர் முதலில். இனத்தின் பெயர் அவனுடைய மகள் விதுர்ஷாவின் பெயராக இருக்க வேண்டும். ஓட்டோவின் பின்கண்ணாடியில் பிள்ளையின் பெயர் எழுதுவார்களே, அந்த மாதிரி. பிள்ளை அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டது என்று பெருமையாகச் சிரித்தான். சிரிக்கும்போது பல்லிடுக்கில் தேங்காய்ப்பூ தெரிந்தது.

ஆகட்டும் என்றேன். அழுகிய பூச்சியை வைத்து இனத்தை விவரிக்க முடியாது. நல்ல ஆண் ஒன்றும், அது பாடும் பாட்டின் பதிவும் வேண்டும். அது கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

வாவியின் கை ஒன்று வெல்லாவெளிக்கு அப்பால் வயலுக்குள் நுழைந்து முடிகிறது. அந்த முனையில் ஒரு பத்தைக்காடு. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் வட்டை, நெல் வயல்வெளி. மைம்மல் பொழுதில், வெயில் சாய்ந்து இருட்டுவதற்குள்தான் அந்தப் பூச்சி பாடும். இருட்டி விட்டால் அடங்கிவிடும். சத்தம் மெலிசானது. மைக்கைக் கிட்டே பிடித்து, இரண்டு காதையும் மூடும் ஹெட்போனைப் போட்டு, காற்றின் இரைச்சல் விழாமலிருக்கத் தாழ்ந்த சத்தங்களை வெட்டும் பொத்தானையும் அமுக்கிவிட்டுத்தான் பதிய வேண்டும். அப்படிப் பதிகிறவனுக்குப் பூச்சியைத் தவிர இந்த உலகத்தில் எதுவுமே கேட்காது.

அதனால் பதிவுக்கு எப்போதும் இரண்டு பேர் போவோம். ஒருவன் பதிவான். மற்றவன் தள்ளி, உயரமான இடத்தில் நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பான். பதிவு ஓடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. இருமக்கூடக் கூடாது. என் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் விதி இது. பேச்சுக்குப் பதிலாகக் கைதான். கையை உயர்த்தினால், ஏதோ வருகிறது, விட்டுவிட்டு வா என்று பொருள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால், ஒன்றுமில்லை, நீ பதி என்று பொருள். சுதாகரனும் நானும் படிக்கும் காலத்திலேயே பழகிய சைகைகள் இவை.

அன்றைக்கு நடந்தது உங்கள் பழைய கோப்பில் இருக்கிறது. சுதாகரன் பத்தைக்குள் பதிந்துகொண்டிருந்தான். நான் வாய்க்கால் கட்டின் மேல் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். தனியன் யானை ஒன்று வந்து அவனை அடித்தது. யானை அடித்து மரணம் என்று முடித்தார்கள். அந்தப் பக்கத்தில் அது புதுமையான விஷயம் இல்லை. யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நீங்கள் இன்று கேட்டதுபோல, ஏன் சத்தம் போடவில்லை என்று அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உடம்பு கிடந்த நிலையை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. விவரிப்பதுதானே என் தொழில். ஒன்று மட்டும் சொல்கிறேன். மனிதனுக்குள் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போனேன். ஒரே பந்தலில் அத்தனை சனம், வியர்வை, வாழையிலையில் சிந்திய சாம்பாரில் ஈ. அங்கே வைத்துத்தான் அறிவித்தேன், புதிய இனத்துக்குச் சுதாகரனின் பெயரை வைக்கப்போகிறேன் என்று. சனம் அழுதது. அவன் மனைவி அஜந்தா வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீரும் மூக்குநீரும் என் உள்ளங்கையில் அப்பின. அந்தப் பிள்ளை விதுர்ஷாவும் வந்து நின்றது.

"மாமா, அப்பாட பேரையே வைங்க. என்ட பேர விட அதுதான் நல்லம்" என்றது.

கிணற்றடிக்குப் போய் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியாது. வாளியில் தண்ணீர் முடிந்தது.

என் பெருந்தன்மையை ஊர் பேசியது. அதிலுள்ள ஒழுங்கை யாரும் கவனிக்கவில்லை. ஒருவன் தான் விவரிக்கும் இனத்துக்குத் தன் பெயரையே வைப்பது எங்கள் தொழிலில் அசிங்கம். ஆகவே சுதாகரனின் பெயர் இனத்தின் பெயராகிவிட்டால் விவரித்தவர் இடத்தில் அவன் பெயர் வர முடியாது. அங்கே என் பெயர் மட்டும்தான் நிற்கும். அவனுக்கு மாலை, எனக்கு ஆசனம். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது. பூச்சியின் பாட்டைப் பற்றி அதில் இப்படி எழுதியிருந்தேன்: நெருக்கமான தொடர் ஒலி, அதன் நடுவே நீண்டதொரு மௌனம், பிறகு மீண்டும் தொடர் ஒலி. நெருங்கிய உறவுள்ள மற்ற இனங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் அந்த மௌனமும் ஒன்று என்று குறித்தேன். அன்றைக்குச் சுதாகரன் பதிந்த பதிவிலிருந்துதான் எழுதினேன். ஒரே ஓர் ஆண், ஒரே ஒரு பதிவு. மௌனத்துக்குப் பின் வந்த மற்றச் சத்தங்களை வெட்டி எடுத்துவிட்டு, பாட்டையும் மௌனத்தையும் பாட்டையும் ஒட்டினேன். அந்த மௌனம் பூச்சியின் இயல்பு என்று நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கட்டும்.

ஹிதாயா ஓட்டமாவடிப் பிள்ளை. எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். கெட்டிக்காரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போன மாரியில் அதே பத்தைக்குப் போய் அதே இனத்து ஆண்கள் பலவற்றைப் பதிந்து வந்தாள். ஒருநாள் பின்னேரம் என் அறைக்கு வந்து லப்டொப்பைத் திறந்தாள். தன் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. பிறர் காது எண்ணெய் பட்ட சாமானை நான் தொடுவதில்லை.

தன் பதிவுகளில் எந்த ஆணும் நடுவில் நிறுத்தவில்லை என்றாள். ஏன் என்று பார்ப்பதற்காக, பத்தைக்குக் கிட்டவாக மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும்படி மாட்டுக்காரரிடம் சொன்னாளாம். மாடு கிட்ட வந்ததும் பாட்டு நின்றதாம், ஆனால் கொஞ்ச நேரம்தான். மண்ணில் விழும் அதிர்வு தண்டு வழியாக ஏறிப் பூச்சியின் காலுக்குத் தெரியும்போதுதான் அது அடங்குகிறது என்றாள். அது எனக்குத் தெரியாததல்ல. மாணவர்களுக்கு நானே படிப்பித்திருக்கிறேன்.

"சேர், உங்கட பதிவுல இரிக்கிற அளவுக்கு நிக்க வேணுமெண்டா மாட்ட விடப் பாரமான ஒண்டு வந்திரிக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாட்டு நிண்டா, பதியிறவர் காவல் நிக்கிறவரத்தான் பாப்பார். சுதாகரன் சேரும் உங்களத் திரும்பிப் பாத்திரிப்பார்தானே?"

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காட்டு யானைக்கு யார் மணி கட்டுவது? அந்தப் பூச்சியின் மௌனம்தான் மணி. அதை நான் அடையாளக் குறிப்பு என்று உலகத்துக்கே அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

அறையை விட்டு வெளியே போகச் சொன்னேன். போனாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வெல்லாவெளிக்குப் போய் நல்லரத்தினத்தைத் தேடிப் பிடித்து, அவரிடம் கேட்டதை உங்களிடம் கொண்டுவந்தாள். அந்த வட்டையில் வேளாண்மை செய்து, பயிருக்குக் காவல் கிடப்பவர் அவர். சுதாகரன் செத்த அன்று பின்னேரம், அவன் பத்தையடியில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் கட்டில் நின்ற என்னிடம் அவர் வந்திருந்தார்.

"சேர், தனியன் பத்தைக்குப் பின்னால நிக்கிது. நேத்தும் ஒரு காவல் பரணச் சரிச்சுப் போட்டுது. இண்டைக்கு உள்ள போகாதீங்க" என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் யானையை விரட்டும் ஆனை வெடி எடுத்துவர வட்டையின் மறுமுனைக்குப் போனார். நான் சுதாகரனிடம் போனேன். நல்லரத்தினம் என்ன சொன்னார் என்று கேட்டான். யானையை நேற்றே மறுகரைக்குக் கலைத்துவிட்டார்களாம், பயமில்லையாம் என்றேன். அவன் அவருக்குக் கையசைத்தான். தூரத்தில் அவரும் கையசைத்தார். பிறகு சாவு வீட்டில் நல்லரத்தினம் என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் சொல்லவில்லையா சேர் என்று கேட்டார். சொன்னேன், அவன் கேட்கவில்லை, அவன் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா என்றேன். அந்த மனிதர் அதை நம்பி, செத்தவனைத் திட்டிக்கொண்டே அழுதார். செத்தவனின் பிடிவாதத்தை ஊரும் நம்பியது. அஜந்தாவும் நம்பினாள் என்று பிறகு ஹிதாயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் அந்தப் பெண் புருஷனின் படத்துக்கு முன்னால் நின்று, சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று ஏசிவந்தாளாம்.

நீங்கள் கேட்ட மற்றக் கேள்வி, நான் ஏன் உடனே ஆட்களைக் கூப்பிடவில்லை என்பது. எழுதுகிறேன். யானை அவனை விட்டுவிட்டு வட்டைக்குள் இறங்கி அப்பால் போனது. நான் கட்டைவிட்டு இறங்கிப் பத்தைக்குப் போனேன். ரெக்கோடர் விழுந்து கிடந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுதாகரன் உயிரோடு இருந்தான். அவன் மூச்சு விடும் சத்தம் சேற்றில் காலை இழுப்பதுபோல இருந்தது. என் பெயரைச் சொன்னான் என்று நினைக்கிறேன். மச்சான் என்று சொல்லவில்லை. முதல் தடவையாக உதயரூபன் என்று சொன்னான்.

அந்த நேரத்தில் பூச்சி திரும்பவும் பாடத் தொடங்கியது. அவன் தலைக்கு மேலே, கைக்கு எட்டும் தண்டில் இருந்தது. கால் ஒன்றும் உதிராத, சிறகு கலையாத, பூரணமான ஆண். இருட்டி விட்டால் போய்விடும். நான் அதைப் பிடித்துக் கொல்லும் போத்தலில் போட்டேன். போட்டதும் அப்படியே விட்டுவிட முடியாது, ஐயா. துடித்தால் பின்னங்காலைத் தானே கழற்றிவிடும். போத்தலைச் சாய்த்துப் பிடித்து, அடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி அடங்கியது. நிமிர்ந்தபோது கீழேயும் சத்தம் இல்லை. எது முதலில் அடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த இனத்துக்கே அளவுகோலாக வைக்கப்பட்டிருக்கும் மூலமாதிரி அந்த ஆண்தான். அதன் துண்டுச்சீட்டில் சேகரித்தவர் சுதாகரன் என்றே எழுதினேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐஸ்கிறீம் பெட்டியும் பழுப்பு நீரும்தான் கண்ணில் வந்தன. அப்படிப்பட்ட கையை உடையவனின் பெயருக்குப் பின்னால் என் பெயர் இரண்டாவதாக, காலம் காலமாக ஒட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தால் குமட்டியது. அவ்வளவுதான்.

இனி ஹிதாயாவின் கேள்விக்கான பதில்.

யானை நடந்து வருவது மனிதக் காதுக்குக் கேட்பதில்லை. பத்தையின் மறுபக்கத்தில் கொப்புகள் அசைந்ததைக் கட்டின் மேல் நின்ற நான் கண்டேன். அப்போதுதான் பாட்டு நின்றது. சுதாகரன் மைக்கை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். என்ன என்று கண்ணால் கேட்டான். அவனுக்குப் பின்னால், தும்பிக்கையை உயர்த்தி அது மணம் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் ஓடித் தப்ப நேரம் இருந்தது, கட்டு கிட்டத்தான். நான் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்தேன்.

அவன் சிரித்தான். தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். பிறகு நடந்தது எல்லாம் யானை செய்தது.

நான் சத்தம் போடவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரேயொரு வேண்டுகோள். என்னைச் சிறையில் வைப்பதற்கு முன் சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் அனுப்ப அனுமதி தாருங்கள். பாட்டின் நடுவே வரும் மௌனம் அந்த இனத்தின் இயல்பல்ல. அதை நீக்க வேண்டும். என்னுடைய வேலையில் பிழை என்று ஒன்று இருந்தால், அது ஒன்றுதான்.